முப்பதாயிரம் யென்னுக்கு ஒரு ஜப்பானியக் கத்தி: எதை எடுப்பது?

சித்தி மகன் சென்னையில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கத்திப் படம் அனுப்பினான். அலகு முழுக்கத் தண்ணீர் அலை மாதிரி வரி வரியாக ஓடியது. கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணே, ஊருக்கு வரும்போது இந்த மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. முப்பதாயிரம் யென் வரைக்கும் போலாம், காசு நான் தந்துடுறேன். ஆனா மெஷின்ல செஞ்சது வேணாம், கையால அடிச்சதா இருக்கணும்."

நான் தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறேன். கப்பாபாஷி எனக்கு ரயிலில் அரைமணி நேரம். தவாராமாச்சி ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், ஒரு கட்டட உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரின் ராட்சசத் தலை தெரியும். அங்கிருந்து சுமார் 800 மீட்டருக்குச் சமையல் சாமான் கடைகள்தான். 170 கடைகள் போல இருக்கும். தட்டு விற்கிற கடை, பிளாஸ்டிக்கில் செய்த போலி நூடுல்ஸ் விற்கிற கடை, நடுநடுவே கத்திக் கடைகள். ஒரு கத்திக் கடைக்குள் நுழைந்தால் நூற்றுக்கணக்கில் தொங்கும். முதல்முறை போகிறவர் எதைப் பார்ப்பார்? வரியைத்தான்.

நானும் ஆறு வருஷத்துக்கு முன்னால் வரியைப் பார்த்துத்தான் வாங்கினேன். 18,000 யென். மூன்றாவது வாரம் கபோச்சா நறுக்கினேன். இது இங்கே கிடைக்கிற பூசணி. உள்ளே சர்க்கரைவள்ளி மாதிரி இனிக்கும், தோல் மட்டும் தேங்காய் ஓட்டுக்குத் தம்பி. கத்தி பாதி வழியில் மாட்டிக்கொண்டது. ஊரில் அரிவாள் மாட்டினால் செய்கிற மாதிரி மணிக்கட்டைத் திருகினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் கத்தியின் வாயில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு இல்லை. அந்தத் துணுக்கைப் பூசணிக்குள் தேடிக் கண்டுபிடித்த பிறகும், அன்றைய கூட்டை வீட்டில் யாரும் தொடவில்லை.

கத்தி மேல் தப்பில்லை. ஜெர்மன் கத்திகள் ராக்வெல் அளவுகோலில் பெரும்பாலும் 56, 58 கடினம் இருக்கும். பக்கவாட்டில் அழுத்தினால் வாய் மடங்கும், இரும்புக் கம்பியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் நிமிரும். ஜப்பானியக் கத்திகள் 60இல் தொடங்கி 64, 65 வரை போகும். அதனால்தான் அவ்வளவு மெல்லிசாகத் தீட்ட முடிகிறது, அதனால்தான் திருகினால் மடங்காமல் உடைகிறது. எலும்பு, தேங்காய், உறைந்த கறி, பலாக்கொட்டை இதற்கெல்லாம் இந்தக் கத்தி கிடையாது. இதில் சமாதானம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு நல்ல ஜெர்மன் கத்தி ஒன்று வாங்கிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

கையால் அடித்தது என்றால் எது

தம்பி கேட்ட அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள நாலு விதமான கத்தி தெரிய வேண்டும். விலை வித்தியாசமும் அங்கேதான்.

முதல் வகை, தகட்டிலிருந்து வெட்டி எடுத்து, சூடுபடுத்திக் குளிரவைத்து, எந்திரத்தில் தீட்டி முடிப்பது. இது தொழிற்சாலைக் கத்தி. நீகாதா மாநிலம் துபாமேயில் இருக்கும் தோஜிரோ நிறுவனத்தின் விஜி-10 என்ற எவர்சில்வர் எஃகுக் கத்திகள் இந்த வகை. பத்துப் பன்னிரண்டாயிரம் யென்னுக்குக் கிடைக்கிறவற்றில் இவ்வளவு ஒழுங்கான கத்தி குறைவு. கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது வகையில், நடுவே கடின எஃகும் இரண்டு பக்கமும் மென்மையான இரும்போ எவர்சில்வரோ ஏற்கெனவே ஒட்டிய பட்டையை ஆலையிலிருந்து வாங்கிக் கொல்லர் உலையில் வைத்து அடித்து உருவம் கொடுக்கிறார். 20,000 முதல் 30,000 யென் வரை கடையில் கையால் அடித்தது என்று விற்கிறவற்றில் பெரும்பகுதி இதுதான். மூன்றாவது வகையில் அந்த ஒட்டுவேலையையும் கொல்லரே தன் உலையில் செய்கிறார். நாலாவது ஹொன்யாக்கி. முழுக்க ஒரே எஃகு, முதுகில் களிமண் பூசிக் காய்ச்சித் தோய்ப்பது, அதாவது சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்குவது. வாள் செய்த முறை. தோய்க்கும்போதே கணிசமானவை வெடித்துப் போகும், மிஞ்சுவதற்கு லட்சம் யென்னும் அதற்கு மேலும். அது நமக்கில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

கையால் என்றாலும் பெரிய அடியெல்லாம் மோட்டாரில் ஓடும் சம்மட்டிதான் அடிக்கிறது. போன வசந்தத்தில் ஃபுக்குயி மாநிலத்தில் எச்சிசென் போயிருந்தேன். அங்கே கொல்லர்கள் சேர்ந்து 1993இல் கட்டிய தகேஃபு நைஃப் வில்லேஜ் என்ற கூட்டுப் பட்டறை இருக்கிறது. மேலே நின்று வேலையைப் பார்க்கலாம். ஒருவர் சிவக்கக் காய்ந்த இரண்டு அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டிக்குக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தார். ஒற்றை அலகு மெலிய மெலியச் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டாகச் சேர்த்தால் சூடு நிற்கும், அடியும் சமமாக விழும். எந்திரம் அடிக்கிறது, சரி. ஆனால் எப்போது திருப்புவது, எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கண்ணில் இருந்தது. கையால் செய்தது என்பதற்கு எனக்கு இந்த அர்த்தம் போதும்.

எச்சிசென்காரர்கள் தங்கள் தொழிலை 1337இலிருந்து கணக்கிடுகிறார்கள். கியோத்தோவிலிருந்து வந்த சியோஸுரு குனியாசு என்ற வாள் கொல்லர், பக்கத்து உழவர்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்ததில் தொடங்கியதாம். ஒசாகா பக்கத்து சாகாயின் கதை வேறு. போர்த்துகீசியர் வழியாக வந்த புகையிலை 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் பயிராகத் தொடங்கியதும், இலை சீவச் சாகாயில் கத்தி அடித்தார்கள். பிறகு அன்றைய ஷோகுன் (படைத்தலைவர்) அரசு அதற்குத் தனி முத்திரையே கொடுத்தது. சாகாயில் இன்றும் வேலை பிரித்துத்தான் நடக்கிறது. அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். கத்தியில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் இவர்கள் யாருடையதும் இல்லை, வியாபாரியுடையது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அந்த வரி? சுமினாகாஷி என்பார்கள், வெளியூர்க்காரர்களுக்கு டமாஸ்கஸ். அது வெளியே போர்த்திய மென்மையான இரும்பில்தான் ஓடுகிறது. காய்கறியைத் தொடுகிற வாய் நடுவில் இருக்கும் எஃகு. வெட்டுக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. அதே பட்டறையின் வரியில்லாத கத்தியைவிட அஞ்சாறாயிரம் யென் கூட வைப்பார்கள். நாலைந்து வருஷம் சாணை பிடித்து, வாய்க்கு மேலே கனத்தைக் குறைக்க வேண்டிய நாள் வந்தால் வரியும் அங்கே அழிந்துபோகும். என் கத்தி இப்போது பாதி அலை, பாதி வழுக்கை.

உருவம்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கியூத்தோ என்றால் மாட்டுக் கத்தி. மெய்ஜி காலத்தில் மேல்நாட்டுப் பாணியில் மாட்டுக்கறி சாப்பிடும் பழக்கம் வந்தபோது (மெய்ஜி பேரரசரே 1872இல் சாப்பிட்டார்) வந்த உருவம். பெயர்தான் மாடு, எல்லாவற்றையும் நறுக்கும். 210 அல்லது 240 மி.மீ. சான்டோகு வீட்டுக்கானது, 165 முதல் 180 மி.மீ., மூக்கு மழுங்கியது. நகிரி காய்கறிக்கு மட்டும். வாய் நேர்க்கோடாக இருப்பதால் பலகையில் முழுசாக உட்காரும், கீரையோ முள்ளங்கியோ கடைசி நார் வரை அறுபடும். பெட்டி என்று ஒரு சின்னக் கத்தி உண்டு. டப்பா என்று நினைத்துவிட வேண்டாம், பிரெஞ்சில் சின்னது என்ற சொல் இங்கே வந்து இப்படி ஆனது.

ஹோட்டலில் கத்தி முனையைப் பலகையில் ஊன்றி ஊஞ்சல் மாதிரி ஆட்டி நறுக்கப் பழகியவனுக்கு நகிரி கையில் முட்டும். அவனுக்குக் கியூத்தோதான். பலகை பெரிதாக இருக்குமா என்று கேட்டேன். "நாலு பேருக்கு ஒரு டேபிள்ண்ணே" என்றான். 240 வேண்டாம், 210 போதும்.

ஒருபக்கம் மட்டும் தீட்டிய யனாகிபா, தேபா, உசுபா எல்லாம் மீனை அறுக்கவும் சீவவும் முள்ளங்கியைத் தாளாக உரிக்கவும் உள்ளவை. அழகானவை. கேரட்டை வெட்டினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரே கத்தி வாங்குகிறவர் அந்த அலமாரிப் பக்கம் போகவே வேண்டாம்.

எஃகு: இங்கேதான் சண்டை

கத்திப் பித்துப் பிடித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எஃகில்தான் போய் முடியும். ஷிமானே மாநிலம் யாசுகியில் ஹிட்டாச்சி ஆலை (2023 முதல் நிறுவனத்தின் பெயர் புரோட்டீரியல்) காய்ச்சும் எஃகுகளுக்கு வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பெயர். ஷிரோகாமி, அவோகாமி. ஆலையில் அடையாளத்துக்கு ஒட்டிய காகிதத்தின் நிறம்தான் பெயரானது. எஃகு வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை.

வெள்ளை என்பது ஏறக்குறைய வெறும் இரும்பும் கார்பனும். இரண்டாம் எண் வெள்ளையில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம். கல்லில் பத்து நிமிஷம் வைத்தால் முகம் மழிக்கிற கூர் வரும். வேறெதிலும் இவ்வளவு சுலபமாக வராது. அதே வேகத்தில் துருவும் வரும். நீலத்தில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்ப்பதால் கூர் கூடுதல் நாள் நிற்கும், தீட்டக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். துரு விஷயத்தில் நீலமும் வெள்ளைக்கு அண்ணன் தம்பிதான். இந்தக் குரோமியம் எவர்சில்வர் ஆகப் போதாது.

இரும்பு அரிவாள்மனை இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. வாழைக்காயோ கத்தரிக்காயோ நறுக்கினால் காயும் கறுக்கும், இரும்பும் கறுக்கும். பாட்டி நறுக்கி முடித்த கையோடு துடைத்து, மனையைச் சுவரோரம் சாய்த்துவைப்பார். ஷிரோகாமிக்கும் அதே பக்குவம்தான். சில வாரத்தில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் பிடிக்கும். அது நல்லது, துருவைத் தடுக்கும். செம்பழுப்பாகப் பூத்தால்தான் துரு. எலுமிச்சை நறுக்கிவிட்டுப் போன் வந்தது என்று எழுந்து போய், கால்மணி நேரம் கழித்து வந்தால் புள்ளி விழுந்திருக்கும். எனக்கு விழுந்திருக்கிறது.

எவர்சில்வர் பக்கம் வந்தால் மூன்று பெயர் காதில் விழும். விஜி-10 எச்சிசெனில் இருக்கும் தகேஃபு ஆலையின் எஃகு, 15 சதவீதம் குரோமியம், கொஞ்சம் கோபால்ட். எங்கும் கிடைக்கும், துருப்பிடிக்காது. தீட்டும்போது மறுபக்கம் எழும் பிசிர் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் போக்குவதற்குள் பொறுமை போய்விடும். எஸ்ஜி2, ஆர்2 என்பவை தூளை இறுக்கிச் செய்யும் எஃகு. கடினம் 62, 63க்கு மேல், கூர் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் வைத்தால் கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது ஜின்சான், மூன்றாம் எண் வெள்ளி. இதுவும் யாசுகி எஃகு. குரோமியம் 13, 14 சதவீதம் இருப்பதால் அவ்வளவாகத் துருப்பிடிக்காது. ஆனால் கல்லில் வைத்தால் வெள்ளைக் காகிதத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி நடந்துகொள்ளும். விளம்பரத்தில் இதன் பெயர் அவ்வளவாக வராது. தோய்க்கும் சூடு தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இதை அடிக்கிற கொல்லர்களும் குறைவு.

நடுவே அவோகாமி, வெளியே எவர்சில்வர் போர்த்தியது என்று ஒரு சமரசமும் உண்டு. வாயோரம் மட்டும் நூலளவு கறுக்கும், மீதி பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

யாரும் சொல்லாத விஷயம்

எஃகைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். நறுக்கும்போது கையில் படுகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு எஃகிலிருந்து வருவதில்லை. சாணை பிடித்தவரிடமிருந்து வருகிறது.

ஒரு தடித்த கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த கத்தி அதற்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், பிறகு "டக்" என்று சத்தம் வரும். அது வெட்டின சத்தம் இல்லை, ஆப்பு வைத்த மாதிரி கேரட் பிளந்த சத்தம். வெட்டு முகத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். வாய்க்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரம் வரை மெல்லிசாக எடுத்த கத்தி சத்தமே போடாது. கத்தி பலகையைத் தொட்ட பிறகுதான் துண்டு விழுந்ததே தெரியும். இரண்டும் ஒரே எஃகாக இருக்கலாம், ஒரே கூராகவும் இருக்கலாம். முடியைச் சிரைக்கிற கூர் இருந்தும் கேரட்டில் முக்குகிற கத்திகள் நிறைய.

சாகாயில் சாணை பிடிப்பது தனி ஆளின் ஆயுள் வேலை என்று சொன்னேனே, காரணம் இதுதான். கொல்லர் கொடுக்கும் அலகு கறுப்பாக, கனமாக, கொஞ்சம் கோணலாகவும் இருக்கும். அதை நிமிர்த்தி, சுற்றும் பெரிய கல்லில் வைத்துப் படிப்படியாக மெலியவைத்துக் கத்தியாக்குகிறவர் இவர்.

கடையில் இதைக் கண்டுபிடிக்கக் கேரட் கொண்டுபோக வேண்டியதில்லை. அனுமதி கேட்டுக் கத்தியைக் கையில் வாங்கி, பிடியை உங்கள் பக்கம் வைத்து, வாய் கீழே பார்க்கப் பிடித்து, குதிப் பக்கத்தை (அலகு பிடியருகே முடியும் இடம்) கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அலகின் குறுக்குவெட்டு தெரியும். முதுகு இரண்டு, இரண்டரை மி.மீ. இருந்து, கீழே வரவர இழைந்து, கடைசி ஒரு சென்டிமீட்டர் காகிதம் மாதிரி இருந்தால் நல்ல சாணை. கடைசி வரை ஆப்பு மாதிரியே வந்து வாயோரம் மட்டும் சட்டென்று சீவியிருந்தால் அது கேரட்டைப் பிளக்கும். அப்படியே வாயை வெளிச்சத்துக்குக் காட்டி நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள், வளைவு இருந்தால் தெரியும்.

முதுகின் விளிம்பையும், பிடிக்கு முன்னால் ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். நல்ல பட்டறையில் அந்த மூலைகளை உருட்டி வழவழப்பாக்கியிருப்பார்கள். வீட்டில் நாலு வெங்காயம் நறுக்குகிறவருக்கு இது தெரியாது. தினம் பத்து கிலோ நறுக்குகிறவனுக்கு அந்த மூலை ஒரு மாதத்தில் விரலைக் காய்த்துப்போக வைத்துவிடும்.

மெல்லிசுக்கும் ஒரு விலை உண்டு, உருளைக்கிழங்கு சீவினால் அலகில் ஒட்டிக்கொண்டே வரும். சம்மட்டித் தழும்பு போட்ட கத்தியில் ஒட்டாது என்பார்கள். என் அனுபவத்தில் கொஞ்சம் குறைவாக ஒட்டும், அவ்வளவுதான்.

மேசையில் நாலு கத்தி

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். விவரம் சொன்னதும் நாலு கத்தியை எடுத்துத் துணி விரித்து வைத்தார். மூன்று 210 மி.மீ. கியூத்தோ, ஒரு நகிரி.

நகிரி தோசாவிலிருந்து, அதாவது கோச்சி மாநிலம். மரம் வெட்டுகிறவர்களுக்குக் கோடரியும் வெட்டுக்கத்தியும் அடித்துப் பழகிய ஊர். உலைக் கறுப்பைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விட்ட அலகு, உள்ளே வெள்ளைக் காகித எஃகு. 7,500 யென். கையால் அடித்ததுதான், இந்த விலைக்கு. முடிவேலை முரடு, பிடியின் வாயில் இடைவெளி தெரிந்தது. ஆனால் குதியில் பார்த்தால் வாய் நன்றாக மெலிந்திருந்தது. தம்பிக்கு ஆகாது என்று தெரிந்தும் இதைக் கீழே வைக்க மனசில்லை.

இரண்டாவது, எச்சிசென். அவோகாமிக்கு எவர்சில்வர் போர்வை, 24,000. மூன்றாவதும் எச்சிசென்தான், எஸ்ஜி2, சம்மட்டித் தழும்பும் வரியும் சேர்ந்து கண்ணைப் பறித்தது, 33,000, பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேல். தம்பி அனுப்பிய படத்துக்கு இதுதான் பக்கம். நாலாவது சாகாய், ஜின்சான், ஒரு வரியும் இல்லை, தழும்பும் இல்லை, 27,500. எண்கோணப் பிடி, மாக்னோலியா வகை மரம், கழுத்தில் எருமைக்கொம்பு வளையம். (வெளிநாட்டுப் பயணிக்கு 10 சதவீத வரி விலக்கு உண்டு. இங்கே குடியிருக்கிறவனுக்குக் கிடையாது. தம்பியே வந்து வாங்கியிருந்தால் மிச்சம்.)

கடைக்காரர் மூன்று கேள்வி கேட்டார். அவர் என்ன நறுக்குவார்? வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, கோழி. எலும்புக்கு வேறு கத்தி இருக்கிறது. யார் தீட்டுவார்கள்? அவனேதான், ஆனால் இன்னும் பழகவில்லை. எந்தக் கை?

அங்கேதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. தம்பி இடதுகைக்காரன். சின்ன வயதில் பீச்சாங்கையால் சாப்பிடுகிறான் என்று தாத்தாவிடம் அடி வாங்கியவன். இவ்வளவு யோசித்த நான் அதை யோசிக்கவே இல்லை.

இருபக்கமும் தீட்டிய கத்திதானே, எந்தக் கையானால் என்ன என்று தோன்றும். ஆனால் பல கத்திகளில் வலதுபக்கம் கூடவும் இடதுபக்கம் குறைவாகவும் தீட்டியிருப்பார்கள், வலதுகைக்காரருக்கு வசதியாக. இடதுகையில் பிடித்தால் அது உள்பக்கமாக இழுக்கும். பிடியிலும் ஒரு பக்கம் விளிம்பு எழும்பிய வகை உண்டு, அது வலது உள்ளங்கைக்கு ஏற்றது. இரண்டாவது கத்தியின் பிடி அந்த வகை, வாயும் வலதுபக்கம் சாய்ந்திருந்தது. ஒதுக்கியாயிற்று. எண்கோணப் பிடிக்கு இடம் வலம் கிடையாது.

மிஞ்சியவை எஸ்ஜி2, ஜின்சான். எஸ்ஜி2 தழும்பெல்லாம் அழகாக இருந்தது மட்டுமில்லை, குதியில் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத கத்தி. எனக்கே என்றால், ஒருவேளை அதைத்தான் எடுத்திருப்பேன். வீட்டில் நறுக்கினால் அரை வருஷம் கல் பக்கமே போக வேண்டாம். ஹோட்டலில் அப்படியில்லை. நாள் முழுக்க ஓடும் கத்தி, எவ்வளவு கெட்டியான எஃகும் சில வாரத்தில் மழுங்கும். அப்போது முதல்முறை கல் பிடிக்கக் கற்கிறவன் கையில் எஸ்ஜி2 இருந்தால், ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவான். மழுங்கிய எஸ்ஜி2வைவிட மாதம் இரண்டுமுறை தீட்டிய எந்தக் கத்தியும் மேல்.

ஷிரோகாமி கொடுத்தால் தீட்டச் சுலபம். ஆனால் சென்னைக் காற்று, புளித்தண்ணீர்க் கை, ஆர்டர் குவியும்போது துடைக்க நேரமில்லை. கூடவே, பக்கத்தில் நிற்கிறவன் கேட்காமல் எடுத்து எலுமிச்சை வெட்டிவிட்டு ஈரத்தோடு வைத்துவிடுவான். வேண்டாம்.

ஜின்சான். பட்ஜெட்டில் மிஞ்சியது 2,500 யென். அதோடு ஐந்நூறு என் கையிலிருந்து போட்டு 1000 எண் (சொரசொரப்பின் அளவு) சாணைக்கல் ஒன்று. உறை வாங்கப் பணமில்லை. கடைக்காரர் தடித்த அட்டையை மடித்து ஒட்டி உறை செய்து கொடுத்தார். வாய் இரண்டு பக்கமும் சமமா என்று கேட்டேன். பார்த்துவிட்டு, "கொஞ்சம் வலது" என்று உள்ளே எடுத்துப் போய்ப் பத்து நிமிஷத்தில் சமன்செய்து கொண்டுவந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நகிரியை எனக்கு எடுத்துக்கொண்டேன், அது தனிக் கணக்கு.

ஜப்பானில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைக் காரணமில்லாமல் கையோடு வைத்துக்கொண்டு திரிவது சட்டப்படி குற்றம். கடையிலிருந்து கட்டியபடியே வீட்டுக்கு எடுத்துப் போவதில் பிரச்சினையில்லை, பிரித்து ரயிலில் பார்க்காமல் இருந்தால் சரி. விமானத்தில் கைப்பையில் ஏறாது, பெரிய பெட்டியில்தான்.

தம்பிக்கு முதலில் ஏமாற்றம்தான். "கோடே இல்லையேண்ணே" என்றான். கேரட் நறுக்கின பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாவது வாரம் போன் செய்தான். தெருவில் சைக்கிள் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவர் வருகிறார், கொடுக்கலாமா என்றான். கூடவே கூடாது என்றேன். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும்; பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று, பிறகு அங்கே கூர் நிற்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வகுப்பு. கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வைக்கச் சொன்னேன். முதுகை எவ்வளவு தூக்குவது என்பதற்கு இங்கே 10 யென் நாணயம் இரண்டு மூன்று அடுக்கிய உயரம் என்று சொல்வார்கள். அவனிடம் ஒரு ரூபாய் நாணயம்தான் இருந்தது, மூன்று வைத்துக்கொண்டான். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் விரல் நுனியில் பிசிர் தட்டுகிறதா என்று பார்த்து, குதியிலிருந்து முனை வரைக்கும் தட்டின பிறகுதான் திருப்ப வேண்டும் என்றேன்.

"தட்டுதுண்ணே. ஆனா முனைகிட்ட இல்ல."

"அங்க கையைக் கொஞ்சம் தூக்கு. முனை வளையுதில்ல, கத்தியும் கூடவே வளையணும்."

சரக், சரக் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தது.